இரண்டு கோடுகள், மூன்று திருகல்கள்

கல்யாணமாகி மூன்றாவது வாரம் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு தாளில் ஏதோ வரைந்துகொண்டிருந்தேன். மனைவி ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க இது, டவுசரா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த கணிதத்தில் அந்த வடிவத்துக்கு உண்மையிலேயே அதுதான் பெயர். மூன்று வாய் உள்ள ஒரு பரப்பு. இடுப்பு ஒரு வாய், கால் இரண்டு வாய். உலகம் முழுக்க அந்தத் துறையில் இருப்பவர்கள் அதைக் கால்சட்டை என்றுதான் சொல்கிறார்கள் என்றேன். அவள் நம்பவில்லை. புது மாப்பிள்ளை கிண்டல் செய்கிறான் என்று நினைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல்மேட்டில் இருந்தது. அந்தக் காலத்தில் பாலம் கிடையாது. காலையில் படகில் ஏறிப் பழவேற்காட்டுக்குப் போய், அங்கிருந்து பஸ்ஸில் பொன்னேரி, பிறகு ரயிலில் சென்னை. பல்கலைக்கழகத்தில் என் வழிகாட்டியைப் பார்த்துவிட்டு அதே வழியில் திரும்ப வேண்டும். வாரத்தில் பாதி நாள் நண்பன் ஒருவனுடைய விடுதி அறையில் தங்குவேன், பாதி நாள் வீட்டில். கல்யாணத்துக்கு முன்பு வீட்டில் நைனாவும் நானும்தான்; அப்பாவை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். அம்மா நான் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டாள். எம்.எஸ்சி. முடித்த பிறகும் ஒருவன் ஏன் படித்துக்கொண்டே இருக்கிறான் என்பது ஊரில் யாருக்கும் விளங்கவில்லை. நைனா அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. யாராவது கேட்டால், "கணக்கு முடியலயாம்" என்று சொல்லிவிடுவார். அது முழுக்க உண்மை.

மனைவி ஏரிக்கரையில் இருக்கிற தோணிரேவு என்கிற ஊர்க்காரி. எட்டாவது வரை படித்தவள். அவளோடு ஒரு தையல் மெஷினும் படகில் வந்து இறங்கியது. வந்த ஒரு மாதத்துக்குள் ஊர்ப் பெண்களின் ஜாக்கெட்டுகளும் பிள்ளைகளின் டவுசர்களும் எங்கள் வீட்டு ஜன்னலில் தொங்க ஆரம்பித்தன. அப்படி ஒரு டவுசருக்குக் கால் மடித்துக்கொண்டிருந்தபோதுதான், "நெசமாவே டவுசர்தான் படிக்கிறீங்களா?" என்று மறுபடியும் கேட்டாள்.

உட்கார்ந்து சொன்னேன். துணியைத் தரையில் சுருக்கமில்லாமல் விரிக்கலாம். பந்தின் தோலை வெட்டி விரித்தால் கிழியும். இன்னொரு வகை இருக்கிறது. அதை விரித்தால் துணி மிச்சப்பட்டு மடிப்பு மடிப்பாக எழும்பும்.

"ஃபிரில் வச்ச கவுன் மாரி."

"ஆமாம். ஆனா ஓரத்துல மட்டும் இல்ல. எந்த இடத்துல கை வச்சாலும் அப்படித்தான் இருக்கும்."

அந்த மாதிரி வளைவுக்கு அதிபரவளைய அமைப்பு என்று பெயர். ஒரே பரப்பில் அந்த அமைப்பைப் பல விதமாகக் கொண்டுவரலாம். இரண்டு ஓட்டை உள்ள வடை ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளச் சொன்னேன். அதன் தோலை மூன்று இடத்தில் வெட்டினால் இரண்டு கால்சட்டைகள் கிடைக்கும். திருப்பிச் சொன்னால், இரண்டு டவுசர்களை இடுப்போடு இடுப்பு, காலோடு கால் சேர்த்துத் தைத்தால் அந்த வடை.

"ஒவ்வொரு வாயும் எவ்வளவு சுற்றளவுன்னு மூணு அளவு. சேர்க்கும்போது எவ்வளவு திருகிச் சேர்க்கிறோம்னு இன்னும் மூணு. இந்த ஆறு அளவு தெரிஞ்சா வடிவம் தெரிஞ்சுது."

சட்டைக்கு எடுக்கிற அளவைவிடக் குறைவுதான் என்றாள்.

அத்தனை சாத்தியமான வடிவங்களையும் சேர்த்து ஒரு வெளியாக நினைத்துக்கொள்வதுதான் எங்கள் வழக்கம். ஒவ்வொரு வடிவமும் அந்த வெளியில் ஒரு புள்ளி. ஏதாவது ஒரு வாயை அவிழ்த்து, கொஞ்சம் திருகி, மறுபடி ஒட்டினால் வடிவம் மாறும். புள்ளி நகரும். நிறுத்தாமல் திருகிக்கொண்டே போனால் புள்ளி ஒரு பாதையில் ஓடும். எல்லாப் புள்ளிகளும் அப்படி ஓடுவதைத்தான் பாய்ச்சல் என்போம். என் ஆராய்ச்சி அந்தப் பாய்ச்சலைப் பற்றியது. இதை அவளுக்குச் சொன்ன அன்று, என் வழிகாட்டிக்குக்கூட இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை என்று தோன்றியது.

அடுத்த வாரம் நான் சென்னையிலிருந்து வந்தபோது மெஷின் மேல் அந்தப் பரப்பு உட்கார்ந்திருந்தது. மிச்சம் விழுந்த கைலித் துணியில் இரண்டு டவுசர்கள் தைத்து, மூன்று வாயிலும் சுற்றிலும் சம இடைவெளியில் டிச் பட்டன் வைத்திருந்தாள். உள்ளே பழந்துணி அடைத்திருந்தது. ஒரு வாயின் பட்டன்களைப் பிய்த்து, ஓர் இடம் தள்ளிப் போட்டால் ஒரு திருகல். நைனா அதைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாருக்கு டவுசரு?"

"கணக்குக்கு மாமா," என்றாள்.

நைனா அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

என் பிரச்சினையை அதில் காட்ட முடிந்தது. திருகும் வாயைக் குறுக்கே கடந்து சுற்றி வருகிற மாதிரி ஒரு சிவப்பு உல்லன் நூலைக் கட்டுங்கள். திருகினால் அதன் நீளம் மாறும். முதலில் குறையலாம், பிறகு கூடலாம். நூல் ஒரு தடவை நீள ஆரம்பித்துவிட்டால் அதன்பின் எவ்வளவு திருகினாலும் குறையவே குறையாது என்று நிறுவ வேண்டும். ஒரே ஒரு வாயைத் திருகும்போது மட்டும் அல்ல. கணக்கில்லாத கோடுகளை அடர்த்தியாக அடுக்கி வைத்து, எல்லாவற்றின் மீதும் ஒரே நேரத்தில் பரப்பை நழுவவிடுகிற ஒரு திருகல் இருக்கிறது. அதற்கு நிலநடுக்கம் என்றே பெயர் வைத்திருந்தார்கள். அதற்கும் சேர்த்து நிறுவ வேண்டும்.

பொம்மையைத் துணிப்பையில் போட்டுக் கருத்தரங்கத்துக்கு எடுத்துப்போனேன். ரயிலில் மீஞ்சூரில் ஏறிய ஒரு அம்மாள் பைக்கு வெளியே தெரிந்ததைப் பார்த்து, குழந்தைக்கா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கருத்தரங்கில் பேராசிரியர்கள் ஆளுக்கொரு தடவை பட்டன் போட்டுப் பார்த்தார்கள். என் வழிகாட்டி அதிகம் சிரிக்காதவர். அவரே கடைசிவரை அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நீண்ட காலம் எதுவும் நகரவில்லை. ஒரு வாய்க்கு எழுதிய நிரூபணம் ஓரளவு நின்றது. நிலநடுக்கத்துக்குப் போனால் கோடுகளை முடிவில்லாமல் கூட்டுகிற இடத்தில் நிரூபணம் முழுதும் கலைந்துபோனது. ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலமும் வந்தது. முகத்துவாரம் திறந்து கடல்நீர் ஏரிக்குள் ஏறியது. வீட்டில் எங்கே பார்த்தாலும் என் தாள்கள். மனைவி அவற்றை மிதிக்காமல் நடக்கக் கற்றுக்கொண்டாள்.

பிறகு ஒரு நாள் வழிகாட்டி என்னை அறைக்குக் கூப்பிட்டார். வெளிநாட்டிலிருந்து திரும்பிய நண்பர் ஒருவர் கொடுத்தது என்று ஒரு ஜெராக்ஸ் கட்டை மேஜையில் நகர்த்தினார்.

"உட்கார்ந்து படிங்க. அவசரமில்ல."

அவர் வெளியே போய்விட்டார். அறையில் தனியாகப் படித்தேன். நான் நிறுவ முயன்றது அதில் முழுதாக இருந்தது. அதற்கும் மேலே, அதை வைத்து ஒரு பெரிய பழைய கேள்விக்கும் பதில் இருந்தது. முக்கியமான இடம் அரைப் பக்கம்கூட இல்லை. நான் சிவப்பு நூலின் நீளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதர், நூல் திருகும் கோட்டைக் குறுக்கே வெட்டுகிற கோணத்தைப் பார்த்திருந்தார். திருகத் திருக ஒவ்வொரு கோணமும் குறைந்துகொண்டே போகிறது. அது தெரிந்துவிட்டால் மிச்சமெல்லாம் தானாக வந்துவிடுகிறது.

உண்மையைச் சொன்னால், படித்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இப்படித்தானா என்று ஒரு நிம்மதி. வழிகாட்டி திரும்பி வந்து, "எப்படி இருக்கு?" என்றபோது, "ரொம்ப அழகா இருக்கு சார்," என்றேன். அவர், வீட்டுக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வரச் சொன்னார்.

ரயிலில்தான் அது என்னைப் பிடித்தது. கூடூர் போகிற பாசஞ்சரில் ஏறியிருந்தேன். எனக்கு ஆய்வேடு இல்லை என்பது ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தபோது மெதுவாகப் புரிந்தது. பொன்னேரி வந்ததும் போனதும் தெரியவில்லை. யாரோ தெலுங்கில் இடம் கேட்டபோது நிமிர்ந்தேன். எளாவூர். இறங்கிவிட்டேன். எதிர்த் திசையில் வண்டி வரும்வரை பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒருவர் சுருட்டு பிடித்துக்கொண்டு, எந்த ஊர், என்ன வேலை என்று விசாரித்தார். வேலை தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன். அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். மனைவி முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"கணக்கு தப்பாயிடுச்சா?"

"தப்பில்ல. வேற ஒருத்தர் முடிச்சிட்டாரு. வெளிநாட்டுல."

"உங்க கணக்கையேவா?"

"என் கணக்குன்னு எதுவும் இல்ல. யார் வேணா போடலாம்."

"அவரு சரியா போட்டுகிறாரா?"

"ரொம்ப நல்லா போட்டிருக்காரு."

அவள் தட்டை எடுத்து வைத்தாள். பிறகு பல நாட்கள் அந்த மனிதர்மேல் அவளுக்குத்தான் கோபம். துணி வெட்டும்போது திடீரென்று, "அந்த ஆளுக்கு இன்னா வயசு இருக்கும்?" என்பாள். தெரியாது என்பேன். "அவருக்குக் கொழந்த குட்டி கீதா?" என்பாள். அதுவும் தெரியாது. அப்போது அவள் கர்ப்பமாக இருந்தாள்.

நாலு நாள் என்பது பல வாரமானது. நைனாவோடு ஏரிக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று ஊர் முறை வைத்திருக்கிறது. அதைப் பாடு என்பார்கள். நைனாவின் பாடு வந்த நாட்களில் படகில் உட்கார்ந்து வலையை இழுத்துக் கொடுத்தேன். கைகள் தோலுரிந்தன. இறால் பிரிக்கும்போது என் வேகம் போதவில்லை. நைனா குறை சொல்லவில்லை. மூன்றாவதோ நான்காவதோ முறை போனபோது, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "நீ வலைமேல கால வச்சிகினே நிக்கிற. எனக்குத் தொணைக்கு ஆள் வேணும்னா நா கேட்டுக்கிறேன். நீ போயி உன் வேலையப் பாரு," என்றார்.

"வேலைதான் முடிஞ்சிடுச்சே நைனா."

"முடிஞ்சிடுச்சுன்னா வேற எடு."

அவருக்கு அது அவ்வளவு சுலபமாக இருந்தது. ஒரு பள்ளியில் ஆசிரியர் வேலை காலி இருப்பதாகக் கேள்விப்பட்டு, அதற்குப் போய்விடலாம் என்று ஏறக்குறைய முடிவு செய்திருந்தேன்.

அந்த நாட்களில்தான் ஒரு மத்தியானம், மனைவியின் கோபம் கொஞ்சம் தணிந்திருந்த சமயம், அந்த மனிதர் போட்டது என்னதான் கணக்கு என்று கேட்டாள். எனக்கும் அதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. அவருடைய கணக்கோடு சேர்ந்த இன்னொரு பெரிய உண்மையையும் சொன்னேன். அந்த வடிவ வெளியில் எந்த வடிவத்திலிருந்தும் எந்த வடிவத்துக்கும் ஒரே ஒரு நிலநடுக்கத்தில் போய்விடலாம்.

"ஒரே தபாவுல?"

"ஒரே தடவையில."

அவள் வாயிலிருந்த ஊசியை எடுத்துத் துணியில் குத்தினாள்.

"ஆனா அதுக்கு அத்தினி கோடு வெட்டணும்னு சொன்னீங்களே. எண்ண முடியாத கோடு. எங்கிட்ட ரெண்டே கோடு கீதுன்னு வச்சிக்குங்க. ரெண்டையும் மாத்தி மாத்தித் திருவுனா போயி சேர முடியாதா?"

முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். நிறுத்திக்கொண்டேன். ஏன் முடியாது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு ஓட்டை வடைக்கு ஆறு அளவுகள். இரண்டு கோடு போதாது என்று தோன்றியது. ஆனால் ஒரே ஓட்டை உள்ள வடை, அதன் தோலில் எங்கேயோ ஒரு ஊசித்துளை, அந்தத் துளை முடிவில்லாமல் நீண்டு போகிறது என்று வைத்துக்கொண்டால், அதிலும் அதிபரவளைய அமைப்பு வரும். அதற்கு இரண்டே அளவுகள்தான்.

"தெரியல," என்றேன்.

"தெரியலன்னா பாருங்களேன்."

அன்று சாயங்காலமே அவள் அந்த ஒற்றை ஓட்டை வடை மாதிரி ஒரு வளையம் தைத்தாள். அதன்மேல் ஒன்றையொன்று வெட்டுகிற மாதிரி இரண்டு வரிசை பட்டன்கள். முதல் வரிசையை அவிழ்த்து ஓர் இடம் தள்ளிப் போட்டாள். போட்டதும் இரண்டாவது வரிசை நடுவில் உடைந்து இரண்டு முனையும் தனித்தனியாக நின்றது. அவற்றை இணைக்க வழியில்லை.

"இத திருவுனா அது ஒடையுது. துணியில ஆவாது," என்று சலித்துக்கொண்டாள். பட்டன்கள் வீணாகிப் போனதில் அவளுக்கு வருத்தம். நான் நீண்ட நாளுக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தேன்.

தாளில் ஆகும். மறுபடி தாள்கள் தரையில் பரவின. அந்தச் சின்னப் பரப்பில் இரண்டு கோடுகளின் நீளங்களுக்கும் நடுவே ஒரு கண்டிப்பான உறவு இருக்கிறது. ஒன்று மிகவும் குட்டையானால், அதைக் குறுக்கே வெட்டும் மற்றது நீண்டே ஆக வேண்டும். அதனால் நேராகப் போக முயன்றால் சில இடங்களில் தடை வருகிறது. எத்தனை தடவை மாற்றி மாற்றித் திருகினாலும் சுற்றிச் சுற்றித் தடையிலேயே வந்து நின்றேன். ஒரு நாள் ஊருக்குத் திரும்பும்போது பழவேற்காட்டுப் படகுத்துறையில், மழைக்கு ஒதுங்கி, படகுக்காரர் டீ குடித்துவிட்டு வரட்டும் என்று நின்றிருந்தபோதுதான் புரிந்தது. முதலில் தூரமாகப் போக வேண்டும். முதல் கோட்டின் மேல் தாராளமாகத் திருகி, இரண்டாவது கோட்டைத் தேவைக்கும் அதிகமாக நீளமாக்கிவிட வேண்டும். அது நீளமாக இருக்கும்போது எந்தத் தடையும் இல்லை. இப்போது இரண்டாவதன் மேல் திருகி முதலாவதைச் சேர வேண்டிய நீளத்துக்குக் கொண்டுவரலாம். பிறகு முதலாவதன் மேல் இன்னொரு திருகல். வந்து சேர்ந்துவிடுகிறோம். மூன்றே திருகல்கள். எந்த வடிவத்திலிருந்தும் எந்த வடிவத்துக்கும்.

படகுக்காரர் வந்து கூப்பிட்டும் நான் ஏறவில்லை என்று அவர் பிறகு ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார்.

வழிகாட்டி தாள்களை மெதுவாகப் படித்தார். முடித்துவிட்டு, "இது சின்ன விஷயம்," என்றார். என் முகம் சுருங்கிப்போனது. "சின்னதா இருந்தா என்ன. இதுக்கு வாசல் இருக்கு. இரண்டு ஓட்டைப் பரப்புக்கு எத்தனை கோடு வேணும், எத்தனை திருகல் வேணும்? போய்ப் பாருங்க," என்றார். இந்தக் கேள்வி எப்படித் தோன்றியது என்று கேட்டார். என் மனைவி கேட்டாள் என்றேன். பொம்மை தைத்தவர்தானே என்று நினைவு வைத்துக் கேட்டார்.

அதற்குப் பிறகு ஆய்வேடு முடிய இன்னும் சில வருடங்கள் ஆயின. பெரிய பரப்புகளுக்கு முழு விடை எனக்குக் கிடைக்கவில்லை. இத்தனைக்கு மேல் தேவைப்படாது என்று ஓர் உச்சவரம்பு மட்டும் சொல்ல முடிந்தது. இடையில் மகள் பிறந்தாள். தவழ ஆரம்பித்து, தாள்களை மிதிக்காமல் நடக்கிற வழக்கத்தை வீட்டில் ஒழித்துக்கட்டினாள்.

வாய்மொழித் தேர்வு எல்லாரும் வந்து உட்காரலாம் என்கிற மாதிரி நடக்கும். மனைவி வருவேன் என்றாள். நைனாவும் வருவேன் என்றார். அவர் சென்னைக்கு வந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. இருவரும் மகளோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஒருவர், நல்ல வயதானவர், மூன்று திருகல் ஏன், இரண்டு போதாதா என்று கேட்டார். முதல் கோடு மிகக் குட்டையாக இருக்கிற வடிவத்தையும், இரண்டாவது மிகக் குட்டையாக இருக்கிற வடிவத்தையும் எடுத்துக்கொண்டு, முதல் கோட்டிலிருந்தே தொடங்குவதானால் சில சமயம் இரண்டு போதாது என்று பலகையில் காட்டினேன். அவர் தலையாட்டினார். நான் பேசியதெல்லாம் ஆங்கிலம். ஆனால் பலகையில் கோடுகளை வரைந்தபோது மனைவி நைனாவின் காதில் ஏதோ சொல்வதும், நைனா எட்டிப் பார்ப்பதும் தெரிந்தது.

வெளியே வந்ததும் நைனா கேட்டார்: "அந்தப் பெரியவரு உன்ன திட்டினாரா?"

"இல்ல நைனா. கேள்வி கேட்டாரு."

"நீ பதில் சொன்னல்ல?"

"சொன்னேன்."

"அப்ப சரி."

அவ்வளவுதான். அந்த வருடமே ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. பொன்னேரியில் வீடு பார்த்துக்கொண்டு போனோம். நைனா வர மறுத்துவிட்டார். பாடு நாட்கள் முடிந்ததும் இறால் எடுத்துக்கொண்டு வந்து போவார். மனைவி பொன்னேரி வீட்டு முன்னறையில் மெஷினைப் போட்டு, பிறகு இன்னும் ஒரு மெஷின் வாங்கி, பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தாள். என் கட்டுரை ஒரு சஞ்சிகையில் வந்தது. யாரும் அதைப் பெரிதாகக் கவனித்ததாகத் தெரியவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இருந்ததில்லை.

தேர்வு முடிந்த அன்று ரயிலில் திரும்பியது நினைவிருக்கிறது. நைனா உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மனைவி கேட்டாள்:

"அடுத்து இன்னா கணக்கு?"

நான் சொன்னேன். ஒரு வடிவத்தை எடுத்துக்கொள்கிறோம். ஏதோ ஒரு நிலநடுக்கத்தில் அதை விட்டுவிட்டு, நிறுத்தாமல் ஓடவிடுகிறோம். அந்தப் பாதை எல்லா வடிவங்களுக்கும் பக்கத்தில் ஒரு தடவையாவது வருமா, இல்லை ஒரு மூலையிலேயே சுற்றிக்கொண்டிருக்குமா?

"வருமா?"

"தெரியாது. இப்போதைக்கு யாருக்கும் தெரியாது."

"அந்த ஆளுக்கும் தெரியாதா?"

"அவருக்கும் தெரியாது."

அதைக் கேட்டு அவளுக்கு ஒரு திருப்தி. சரியாக உட்கார்ந்துகொண்டாள். பையிலிருந்து வேர்க்கடலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, மகளுக்கு ஒன்றும் எனக்கு ஒன்றுமாக உரித்துக் கொடுக்க ஆரம்பித்தாள். வண்டி மீஞ்சூரைத் தாண்டிக்கொண்டிருந்தது.